துப்பாக்கிச் சட்டங்களும் கூட்டுப் படுகொலைகளும்: ஆய்வாளர்கள் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே பிரிகிறார்கள்?

அமெரிக்காவில் ஒரே இடத்தில் பலர் சுட்டுக் கொல்லப்படும் கொடுமையைக் குறைக்க எந்தத் துப்பாக்கிச் சட்டம் உதவும், இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்பவர்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள், ஒவ்வொரு தரப்பும் தனக்கென ஒரு நிபுணரைக் காட்டுவது எப்படி என்பதே கேள்வி. சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வாங்கும் முன்பே காவல்துறையிடம் நேரில் சென்று உரிமம் பெற வேண்டும் என்ற விதி, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினில் எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்ற வரம்பு, ஆபத்தான மனநிலையில் இருப்பவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் ஆயுதத்தைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றுக்கும் ஓரளவு நம்பத்தகுந்த ஆதாரம் இருக்கிறது. மேடைகளில் மிகுதியாகப் பேசப்படும் பின்னணிச் சரிபார்ப்பை, அதாவது வாங்குபவரின் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் முறையை, மட்டும் விரிவுபடுத்துவதற்கும், 'தாக்குதல் ரகத் துப்பாக்கி' என்று பெயரிட்டுத் தடை செய்வதற்கும் ஆதாரம் அந்த அளவுக்கு வலுவாக இல்லை. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பல படுகொலைகளில் தடுக்கக்கூடிய சட்டம் ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய கை அசையவில்லை.

எதை எண்ணுகிறோம் என்பதிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. துப்பாக்கி வன்முறை ஆவணக் காப்பகம் என்ற அமைப்பு, சுட்டவரைத் தவிர நான்கு பேருக்குக் குண்டு பட்டாலே, ஒருவர்கூட இறக்காவிட்டாலும், அந்நிகழ்வைக் கணக்கில் சேர்க்கிறது. அந்தக் கணக்குப்படி 2020 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் 600-க்கும் மேற்பட்ட நிகழ்வுகள் நடந்தன. பொது இடத்தில் நால்வரேனும் கொல்லப்பட்ட நிகழ்வுகளை மட்டும் தொகுக்கும் ஆய்வாளர்களின் பட்டியலில் ஓர் ஆண்டுக்குச் சில நிகழ்வுகளே தேறும். 2013-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் ஒன்று மூவர் கொல்லப்பட்டாலே கூட்டுக் கொலை என்கிறது. தெருச் சண்டையில் ஐவர் காயமடைவதும், பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்து குழந்தைகளைச் சுட்டுக் கொல்வதும் ஒரே பெயரில் எண்ணப்படும்போது, ஒன்றுக்கு உதவும் சட்டம் மற்றதற்கு உதவவில்லையே என்ற வாதம் எளிதாக எழுந்துவிடுகிறது.

அளவையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். செய்திகளை நிறைக்கும் பொது இடப் படுகொலைகளில் இறப்பவர்கள் மொத்தத்தில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. இதைச் சொல்வதால் அந்த இறப்புகள் சிறியவை என்றாகிவிடாது. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் ஐந்து நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் கொல்லப்பட்டனர். அந்த ஒற்றைக் காலைப்பொழுது ஒரு நாட்டின் பெற்றோர் அனைவரின் உறக்கத்தையும் பறித்தது. ஆனால் அத்தகைய நிகழ்வுகளை மட்டும் நோக்கி வடிவமைத்த சட்டம் மொத்த இறப்பு எண்ணிக்கையை அசைக்கவில்லை என்பதற்காக அது தோற்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அளவுகோல் வேறு.

நிபுணர்கள் ஏன் முரண்படுகிறார்கள் என்பதற்கு ராண்ட் ஆய்வு நிறுவனம் நடத்திய ஒரு கணிப்பு நல்ல விளக்கம் தருகிறது. கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களுமாகச் சுமார் நூறு துப்பாக்கிக் கொள்கை வல்லுநர்களிடம், ஒவ்வொரு சட்டமும் தற்கொலை, கொலை, கூட்டுப் படுகொலை, தற்காப்பு உரிமை ஆகியவற்றை எப்படி மாற்றும் என்று மதிப்பிடச் சொல்லி, எந்த விளைவு தங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்றும் கேட்டார்கள். இரு தரப்பினரும் விரும்பும் இலக்குகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. தற்கொலையும் கொலையும் குறைய வேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை. எந்தச் சட்டம் அந்த இலக்கை அடையும் என்ற மதிப்பீட்டில்தான் பிளவு. சண்டை மதிப்பீடுகளைப் பற்றியதே ஒழிய விழுமியங்களைப் பற்றியதன்று என்பது எனக்கு நம்பிக்கை தரும் செய்தி, ஏனென்றால் மதிப்பீட்டுச் சண்டையை நல்ல ஆராய்ச்சியால் தீர்க்க முடியும்.

அந்த ஆராய்ச்சிதான் நீண்ட காலம் பட்டினி கிடந்தது. 1996-இல் ஆர்கன்சா மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜே டிக்கி கொண்டுவந்த திருத்தம், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆராய்ச்சியை அது நேராகத் தடுக்கவில்லை; ஆனால் அச்சமே தடையாகி, கூட்டாட்சி நிதி ஏறத்தாழ நின்றுபோனது. டிக்கியே பின்னாளில் அதற்காக வருந்தி, தான் ஒரு காலத்தில் எதிர்த்த ஆய்வாளருடன் சேர்ந்து 2012-இல் ஆராய்ச்சிக்கு ஆதரவாக எழுதினார். நாடாளுமன்றம் மீண்டும் நிதி ஒதுக்கியது 2019 டிசம்பரில்தான், அதுவும் 2.5 கோடி டாலர். கூட்டுப் படுகொலைகள் அரிதானவை என்பது இன்னொரு தடை. அரிதான நிகழ்வில் ஒரு மாநிலச் சட்டத்தின் விளைவைப் புள்ளியியல் முறையில் பிரித்தெடுப்பது கடினம். ஒரே மாநிலம் ஒரே காலத்தில் ஐந்து சட்டங்களை இயற்றும், பக்கத்து மாநிலத்தில் வாங்கிய ஆயுதம் எல்லை தாண்டி வரும். ஆகவே 'ஆதாரம் இல்லை' என்ற சொல்லைப் படிக்கும்போது, பயன் இல்லை என்று நிறுவப்பட்டதா, அல்லது நிறுவும் அளவுக்குத் தரவு இல்லையா என்று கேட்டுக்கொள்வது அவசியம். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

இனி மேகசின் வரம்புக்கு வருகிறேன். மேகசின் என்பது தோட்டாக்களை அடைத்துத் துப்பாக்கியில் செருகும் பெட்டி. பத்துத் தோட்டா கொள்ளும் பெட்டியும் உண்டு, முப்பது கொள்ளும் பெட்டியும் உண்டு, நூறு கொள்ளும் உருளையும் உண்டு. 2011 ஜனவரி 8 அன்று அரிசோனாவின் டூசான் நகரில், ஒரு பல்பொருள் அங்காடியின் வாசலில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபர்ட்ஸின் தலையில் ஒருவன் சுட்டான். அவன் கையில் இருந்த சாதாரணக் கைத்துப்பாக்கியில் 33 தோட்டா கொள்ளும் நீண்ட மேகசின் செருகப்பட்டிருந்தது. அது தீரும் வரை அவனை யாராலும் நெருங்க முடியவில்லை. ஆறு பேர் இறந்தனர், பதின்மூன்று பேர் காயமடைந்தனர். அடுத்த மேகசினை அவன் எடுத்த அந்தச் சில நொடிகளில்தான் அருகிலிருந்தவர்கள் பாய்ந்து அவனைக் கீழே தள்ளினார்கள். தரையில் இருந்தபடியே ஒரு பெண்மணி அந்த மேகசினைப் பறித்துக்கொண்டார். பத்துத் தோட்டாவிலேயே அந்த இடைவெளி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியே இச்சட்டத்தின் அடிப்படைத் தர்க்கம்.

புள்ளிவிவரமும் அதே திசையைக் காட்டுகிறது. லூயிஸ் கிளாரெவாஸும் ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வேயும் இன்னொருவருமாக 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 1990 முதல் 2017 வரை ஆறு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்ட 69 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. பெரிய மேகசினுக்குத் தடை இல்லாத மாநிலங்களில் அத்தகைய நிகழ்வுகள் இரு மடங்குக்கும் மேலான விகிதத்தில் நடந்திருந்தன. பெரிய மேகசின் பயன்பட்ட நிகழ்வுகளில் சராசரி இறப்பு 62 விழுக்காடு கூடுதலாக இருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டரும் குழுவினரும் 2020-இல் வேறு முறையில் செய்த ஆய்வில், மேகசின் தடை உள்ள மாநிலங்களில் உயிர்ப்பலி கொண்ட கூட்டுத் தாக்குதல்கள் 48 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். எதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாத ராண்ட் நிறுவனமும் 2023-இல் இந்தச் சட்டத்துக்கு 'வரம்புக்குட்பட்ட ஆதாரம்' உண்டு என்று பதிவு செய்தது.

எதிர்வாதத்தையும் அதன் முழு வலுவோடு சொல்ல வேண்டும். புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் அறிஞர் கேரி கிளெக், இத்தகைய கொலைகாரர்கள் பல துப்பாக்கிகளையும் பல மேகசின்களையும் சுமந்து வருகிறார்கள், அவர்கள் சுடும் வேகம் பெரும்பாலும் அவ்வளவு அதிகமில்லை, மாற்றிச் செருகும் சில நொடிகள் அவர்களைத் தடுப்பதில்லை என்கிறார். 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்றவன் வைத்திருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகளும் பத்து, பதினைந்து தோட்டா கொள்ளும் மேகசின்களும்தான். கட்டடத்தின் வாயிற்கதவுகளைச் சங்கிலியால் பூட்டிவிட்டு அவன் அறை அறையாகச் சென்றான். கிளெக் சொல்வது அந்த நிகழ்வுக்கு முற்றிலும் பொருந்துகிறது. ஆனால் 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் விடுதியின் 32-ஆம் மாடியிலிருந்து பத்து நிமிடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கூட்டத்தின் மீது பொழிந்தவனுக்கு அது பொருந்தாது. பெரிய மேகசின்கள் இல்லாமல் அந்த வேகம் கைகூடியிருக்காது. மேகசின் வரம்பு தாக்குதல் நடப்பதை நிறுத்தாது, நடக்கும் தாக்குதலில் விழும் உடல்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பதே என் புரிதல். அது போதுமான காரணம்தான்.

1994 முதல் 2004 வரை நடைமுறையில் இருந்த கூட்டாட்சித் தடையை இரு தரப்பும் தம் பக்கம் இழுக்கின்றன. அந்தச் சட்டத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, பத்துக்கு மேல் தோட்டா கொள்ளும் புதிய மேகசின்களைத் தடுத்தது. மற்றது, விசையை இழுக்கும்தோறும் ஒரு குண்டு சுடும் அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் சிலவற்றை அவற்றின் உறுப்புகளை வைத்து அடையாளம் கண்டு தடை செய்தது: துருத்திய கைப்பிடி, மடக்கும் கட்டை, குத்துவாள் பொருத்தும் இடம், தீப்பிழம்பு மறைக்கும் குழாய் என்று ஒரு பட்டியல், அதில் இரண்டு இருந்தால் தடை. தயாரிப்பாளர்கள் ஓர் உறுப்பை நீக்கிவிட்டு அதே துப்பாக்கியை விற்றார்கள். சுடும் ஆற்றல் துளியும் குறையவில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த கோடிக்கணக்கான பெரிய மேகசின்களை வைத்திருக்கவும் விற்கவும் அனுமதி இருந்தது. அரசுக்காக அதை மதிப்பிட்ட கிறிஸ்டஃபர் கோப்பர் 2004-இல், மொத்தத் துப்பாக்கி வன்முறையில் அதன் விளைவு அளக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம் என்றார். பழைய மேகசின்களின் இருப்பு தீர்வதற்குள் சட்டமே காலாவதியாகிவிட்டது. இதே கோப்பர் தன் பிந்தைய ஆய்வுகளில், கூட்டுப் படுகொலைகளில் பெரிய மேகசின்கள் எவ்வளவு மிகுதியாகப் பயன்படுகின்றன என்று காட்டி, முக்கியத்துவம் மேகசினுக்கே உரியது என்று வாதிட்டார். 'அந்தத் தடை பயன் தரவில்லை' என்று அவரை மேற்கோள் காட்டுவோர் இந்தப் பாதியை விட்டுவிடுவது நேர்மையில்லை. துப்பாக்கியின் தோற்றத்தைத் தடை செய்வது வீண், அதன் திறனைத் தடை செய்வதில் பொருள் உண்டு. கூட்டுப் படுகொலைகளில் மிகுதியாகப் பயன்படுவது ரைஃபிள் அன்று, கைத்துப்பாக்கியே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது உரிமம். ஆய்வாளர்களான ஜில்லியன் பீட்டர்சனும் ஜேம்ஸ் டென்ஸ்லியும் 1966 முதலான பொது இடப் படுகொலையாளர்களின் வாழ்க்கை விவரங்களைத் தொகுத்தார்கள். அவர்களில் 77 விழுக்காட்டினர் தம் துப்பாக்கிகளில் சிலவற்றையேனும் சட்டப்படியே வாங்கியவர்கள். இந்த ஓர் எண்ணிலிருந்தே பின்னணிச் சரிபார்ப்பை விரிவுபடுத்துவது மட்டும் ஏன் போதாது என்பது விளங்கும். கடையில் படிவம் நிரப்பி, கணினியில் பெயரைத் தேடி, பதிவில் ஒன்றும் இல்லையென்றால் சில நிமிடங்களில் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடும் முறை, குற்றப் பதிவு உள்ளவரைத்தான் நிறுத்தும். முதல் குற்றமே படுகொலையாக இருப்பவரை நிறுத்தாது. வெப்ஸ்டர் குழுவும் தனிநபர் விற்பனைக்கும் சரிபார்ப்பை நீட்டிக்கும் சட்டத்தால் கூட்டுத் தாக்குதல்கள் குறைந்ததாகக் காணவில்லை. ஆனால் வாங்கும் முன் உரிமம் பெற வேண்டிய மாநிலங்களில் அத்தாக்குதல்கள் 56 விழுக்காடு குறைவு என்று கண்டார்கள். உரிம முறையில் விண்ணப்பதாரர் காவல் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், விரல்ரேகை தர வேண்டும், காத்திருக்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ளூர்க் காவல் தலைவரே அனுமதி தருபவர். அந்த ஊரில் யாருடைய வீட்டுக்கு எத்தனை முறை காவலர்கள் சென்றார்கள் என்பது அவருக்குத் தெரியும், கூட்டாட்சிக் கணினிக்குத் தெரியாது. சினமும் விரக்தியும் உச்சத்தில் இருக்கும் பதினெட்டு வயதுக்காரன் ஒருவன் அந்த மேசைக்கு முன் வந்து நிற்க வேண்டியிருப்பதே ஒரு வடிகட்டி. டெக்சஸின் யுவால்டி பள்ளியில் 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவன், பதினெட்டு வயது நிறைந்த சில நாள்களிலேயே இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி வாங்கியவன்.

கணினிச் சரிபார்ப்பு வேலை செய்திருக்க வேண்டிய இடங்களிலேயே தவறியது என்பது இன்னும் வேதனையானது. வர்ஜீனியா டெக் கொலைகாரனை 2005-இல் நீதித்துறை அலுவலர் ஒருவர் தனக்கே ஆபத்தானவன் என்று தீர்மானித்து, மருத்துவமனையில் சேர்க்காமல் வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற ஆணையிட்டார். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டுமே, துப்பாக்கி வாங்கக் கூடாதவர்களின் கூட்டாட்சிப் பட்டியலுக்கு அனுப்புவது அன்று அந்த மாநிலத்தின் வழக்கம். அவன் பெயர் போகவில்லை. இரண்டு துப்பாக்கிகளையும் சரிபார்ப்பில் தேறியே வாங்கினான். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் போதைப்பொருள் வழக்கு விவரம் தேடி எஃப்பிஐ அலுவலர் தவறான அலுவலகத்தைத் தொடர்பு கொண்டார். மூன்று வேலை நாள்களில் மறுப்பு வராவிட்டால் விற்கலாம் என்ற விதிப்படி கடைக்காரர் விற்றுவிட்டார். 2017-இல் டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் 26 பேரைக் கொன்றவன், மனைவியையும் குழந்தையையும் தாக்கியதற்காக விமானப்படையின் இராணுவ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவன். அந்தத் தண்டனையை விமானப்படை பட்டியலுக்குத் தெரிவிக்கவே இல்லை. மூன்றிலும் ஒரு தாள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகவில்லை. மூன்றிலும் சேர்த்து 67 உயிர்கள்.

மூன்றாவது, 'சிவப்புக் கொடிச் சட்டம்' என்று வழங்கப்படும் ஏற்பாடு. ஒருவர் தன்னையோ பிறரையோ கொல்லக்கூடும் என்பதற்கு அறிகுறிகள் தெரிந்தால், காவல்துறையோ, பல மாநிலங்களில் குடும்பத்தினரோ, நீதிபதியிடம் விண்ணப்பித்து அவரிடம் உள்ள ஆயுதங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்துவைக்கலாம். புதிதாக வாங்கவும் முடியாது. கனெக்டிகட் 1999-இல் முதலில் இயற்றியது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. இதன் தர்க்கம் வலுவானது. பீட்டர்சன், டென்ஸ்லி தொகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் தாம் செய்யப்போவதை முன்னதாக யாரிடமோ சொல்லியிருந்தார்கள், எழுதியிருந்தார்கள். தற்கொலை எண்ணமும் மிகப் பலரிடம் இருந்தது. அதாவது, கொலைக்கு முன் பெரும்பாலும் ஒரு நெருக்கடிக் காலம் இருக்கிறது, அது அருகில் இருப்பவர்களின் கண்ணில் படுகிறது.

கலிஃபோர்னியாவில் அவசர சிகிச்சை மருத்துவராகவும் ஆய்வாளராகவும் பணியாற்றிய கேரன் வின்டிமியூட், கூட்டுப் படுகொலை செய்வதாக மிரட்டியவர்கள் மீது இந்த ஆணை பிறப்பிக்கப்பட்ட 21 வழக்குகளை 2019-இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்றில்கூட மிரட்டிய தாக்குதல் நடக்கவில்லை. ஆணை இல்லாவிட்டால் நடந்திருக்குமா என்பதை நிறுவ முடியாது என்று அவர் குழுவே எச்சரிக்கையோடு குறித்தது. ஆறு மாநிலங்களில் 6,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை ஆராய்ந்த பிந்தைய ஆய்வில், பத்தில் ஒன்று மூவரையேனும் கொல்வதான மிரட்டலைத் தொடர்ந்து வந்தது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஸ்வான்சன், கனெக்டிகட்டில் பத்து முதல் இருபது ஆணைகளுக்கு ஒரு தற்கொலை தடுக்கப்பட்டதாகக் கணித்தார். படுகொலைக்கான ஆதாரம் மெலிதாக இருந்தாலும் தற்கொலைக்கான ஆதாரம் தனியே நிற்கிறது என்பதால், இந்தச் சட்டத்தை ஆதரிக்க எனக்குத் தயக்கமே இல்லை. கடுமையான மனநோயை முற்றிலும் ஒழித்தாலும் மொத்த வன்முறையில் நான்கு விழுக்காடுதான் குறையும் என்று மதிப்பிட்டவரும் ஸ்வான்சனே. நோயின் பெயரைப் பார்க்காமல் ஆபத்தான நடத்தையைப் பார்க்கும் சட்டம் மனநோயாளிகள் அனைவரையும் சந்தேகிக்கும் சட்டத்தைவிடத் துல்லியமானது, நியாயமானதும்கூட.

ஆனால் விண்ணப்பம் தராவிட்டால் சட்டம் வெறும் தாள். நியூயார்க் மாநிலத்தில் 2019 முதலே இச்சட்டம் இருந்தது. பஃபலோ நகரில் 2022 மே 14 அன்று பத்துக் கறுப்பின மக்களைக் கொன்றவன், அதற்கு முந்தைய ஆண்டில் பள்ளிப் பயிற்சி ஒன்றில் கொலையும் தற்கொலையும் பற்றி எழுதியதற்காகக் காவல்துறையால் மனநலப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப்பட்டான். ஆணைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 2023 அக்டோபரில் 18 பேரைக் கொன்ற இராணுவ ரிசர்வ் வீரனைப் பற்றிக் குடும்பத்தினர் மாதங்களுக்கு முன்பே காவல்துறையிடம் சொல்லியிருந்தார்கள். அவன் மருத்துவமனையிலும் இருந்து திரும்பினான். அங்கே அன்று இருந்த சட்டத்தின்படி, காவலர் முதலில் அவனைக் காவலில் எடுத்து மருத்துவ மதிப்பீடு பெற வேண்டும். குடும்பம் நேராக நீதிமன்றம் செல்ல வழியில்லை. அவனைக் காவலில் எடுக்கப் போதுமான காரணம் இருந்தும் காவல்துறை எடுக்கவில்லை என்று பின்னர் அமைத்த விசாரணைக் குழு கூறியது. 2022 ஜூனில் நாடாளுமன்றத்தின் இரு கட்சியினரும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம், இருபத்தொரு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சரிபார்ப்பைக் கடுமையாக்கியதோடு, இத்தகைய நெருக்கடித் தலையீடுகளுக்காக மாநிலங்களுக்கு 75 கோடி டாலரையும் ஒதுக்கியது. அந்தப் பணம் காவலர்களுக்கும் நீதிமன்ற ஊழியர்களுக்கும் பயிற்சியாகப் போய்ச் சேருவதில்தான் அதன் பயன் இருக்கிறது.

பொதுமக்களும் ஆசிரியர்களும் ஆயுதம் ஏந்தினால் தடுக்கலாம் என்ற வாதத்தை முன்வைப்பவர்களில் முதன்மையானவர் பொருளியலாளர் ஜான் லாட். ஆயுதம் தாங்கியவர் தடுத்த நிகழ்வுகள் இருக்கவே செய்கின்றன. எனினும் பொது இடத்தில் ஆயுதம் தாங்குவதற்கான கட்டுப்பாட்டைத் தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டுகளில் வன்குற்றம் 13 முதல் 15 விழுக்காடு கூடியது என்று ஸ்டான்ஃபோர்டின் ஜான் டொனஹியூ கண்டார். கூட்டுப் படுகொலைகள் குறைந்தன என்பதற்கு ராண்ட் ஆய்வு தெளிவான ஆதாரம் காணவில்லை. யுவால்டியில் பயிற்சி பெற்ற 376 காவலர்கள் வந்து சேர்ந்தும், வகுப்பறைக் கதவைத் தாண்டி உள்ளே செல்ல ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாட்டு உதாரணங்களில் ஆஸ்திரேலியா தவறாமல் வரும். 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட இரண்டே வாரங்களுக்குள், பழமைவாதப் பிரதமரான ஜான் ஹோவர்டு எல்லா மாநிலங்களையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். அரைத் தானியங்கி ரைஃபிள்கள் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டன. ஆயுதம் வேண்டுமென்றால் உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு காரணமாகாது. வைத்திருந்தவர்களுக்கு விலை கொடுத்து ஏறத்தாழ 6,50,000 துப்பாக்கிகள் திரும்பப் பெறப்பட்டன. சினங்கொண்ட துப்பாக்கி உரிமையாளர்களின் கூட்டத்தில் ஹோவர்டு குண்டு துளைக்காத உடையை உள்ளே அணிந்துகொண்டு பேசினார். அதற்கு முந்தைய 18 ஆண்டுகளில் ஐவரோ அதற்கு மேலோ இறந்த 13 நிகழ்வுகள் நடந்திருந்தன; அடுத்த 20 ஆண்டுகளில் ஒன்றும் இல்லை. எந்நாளும் அது அப்படியே நீடிக்கவில்லை. 2018-இல் ஒரே குடும்பத்தில் ஏழு உயிர்கள் போயின. நியூசிலாந்தும் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட ஒரு மாதத்துக்குள் அதே வழியில் சென்றது. இவற்றை அப்படியே அமெரிக்காவில் நட முடியாது. அங்கே மக்களிடம் உள்ள துப்பாக்கிகள் 2017 மதிப்பீட்டின்படி 39.3 கோடி, மக்கள்தொகையைவிட அதிகம். ஆயுத உரிமை அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தத் திருத்தத்தைப் பற்றிய தீர்ப்புகள் ஆய்வாளர்களின் வேலையையும் மாற்றிவிட்டன. 2022 ஜூனில் புரூயென் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்பதை அதன் பயனைக் கொண்டு எடைபோடக் கூடாது, நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போகிறதா என்றே பார்க்க வேண்டும் என்றது. மேகசின் தடை பற்றிய அந்த 48 விழுக்காடு என்ற எண் நீதிபதியின் மேசையில் மதிப்பிழந்துபோன நாள் அது என்று நான் கருதுகிறேன். ஆனால் 2024 ஜூனில் ரஹீமி வழக்கில், பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்ட ஒருவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கலாம் என்று எட்டு நீதிபதிகள் ஒருமுகமாகச் சொன்னார்கள். சிவப்புக் கொடிச் சட்டங்களுக்கு அது நல்ல அடித்தளம். அதே மாதத்தில், லாஸ் வேகஸ் கொலைகாரன் பயன்படுத்திய, அரைத் தானியங்கித் துப்பாக்கியை மிக விரைவாகச் சுட வைக்கும் 'பம்ப் ஸ்டாக்' என்ற வேகக் கருவிக்கு அரசு விதித்திருந்த தடையை, அக்கருவி சட்டத்தின் சொற்படி இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்று கூறி அதே நீதிமன்றம் நீக்கியது. ஆரெகன் மாநில மக்கள் 2022 நவம்பரில் உரிமத்தையும் மேகசின் வரம்பையும் வாக்களித்து ஏற்ற பின்னும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன.

பள்ளிகளைப் பொறுத்தவரை, மேற்சொன்ன எந்தச் சட்டமும் தொடாத ஓரிடம் உண்டு: வீட்டு அலமாரி. பள்ளிகளில் சுட்டவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியைக் குடும்பத்தினரிடமிருந்து எடுத்தவர்கள். சாண்டி ஹூக்கில் பயன்பட்ட ஆயுதங்கள் தாய் சட்டப்படி வாங்கியவை. ஜெர்மனியின் வின்னென்டன் பள்ளியில் 2009-இல் 15 பேரைக் கொன்ற பதினேழு வயதுச் சிறுவன் எடுத்தது தந்தையின் படுக்கையறையில் பூட்டாமல் கிடந்த கைத்துப்பாக்கி. அதன் பிறகு அந்நாட்டில் உரிமம் பெற்றவரின் வீட்டுக்கு அலுவலர் முன்னறிவிப்பின்றி வந்து பூட்டைச் சோதிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்கும் சட்டங்கள் இளையோர் தற்கொலையையும் தற்செயல் இறப்புகளையும் குறைக்கின்றன என்பதே ராண்ட் ஆய்வின் மிக உறுதியான முடிவுகளில் ஒன்று.

மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பர் 30 அன்று நான்கு மாணவர்களைக் கொன்றவனுக்கு வயது பதினைந்து. அவனுடைய தந்தை அந்தக் கைத்துப்பாக்கியை வாங்கியது நான்கு நாள்களுக்கு முன்பு. அன்று காலை அவன் பாடத்தாளில் துப்பாக்கியும் இரத்தமும் வரைந்து வைத்திருந்ததைக் கண்ட பள்ளி, பெற்றோரை வரவழைத்தது. அவர்கள் அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லவில்லை, அவன் பையையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. துப்பாக்கி அந்தப் பைக்குள் இருந்தது. 2024-இல் தாயும் தந்தையும் தனித்தனி வழக்குகளில் கொலையல்லா மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். பிள்ளை செய்த பள்ளிப் படுகொலைக்காக அமெரிக்காவில் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற மிச்சிகன் சட்டம் அதே ஆண்டு பிப்ரவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.